இரைச்சலுக்குள் ஒரு பாட்டு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

ஆண்டு மலருக்குத் திமிங்கிலத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் பக்கத்து இருக்கை நண்பன் வாய்விட்டுச் சிரித்தான். "கோவிலம்பாக்கத்துக்கும் திமிங்கிலத்துக்கும் என்னடா சம்பந்தம்? உங்க ஊர்ல தண்ணி லாரியத் தவிர வேற என்னடா ஓடுது?" என்றான். கவிதை எழுது, காதலை எழுது, இல்லையேல் வேலையில்லாத் திண்டாட்டத்தை எழுது என்று மூன்று தலைப்புகளை இலவசமாகவும் வழங்கினான். அவன் சொன்னதில் பாதி உண்மை. எங்கள் ஊரில் தண்ணீர் லாரிகள் ஓடுகின்றன. போதாக்குறைக்குச் சில ஆண்டுகளாக மெட்ரோ ரயிலுக்குத் தூண் எழுப்பும் எந்திரங்களும் இரவு பகலாக ஓடுகின்றன. ஆனால் திமிங்கிலத்துக்கும் எங்கள் பக்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவன் சொன்ன மறுபாதி தவறு. எங்கள் வீட்டிலிருந்து ரேடியல் சாலையைப் பிடித்துக் கிழக்கே சென்று, வேளச்சேரி – தாம்பரம் சாலையில் திரும்பினால், மிதிவண்டியில் இருபது நிமிடத்தில் பள்ளிக்கரணையில் ஒரு பெரிய மதிற்சுவர் வரும். உள்ளே இருப்பது தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம். 1993-ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம். அரபிக்கடலில் ஒரு திமிங்கிலம் பாடிய பாட்டைக் கேட்டு, அதைத் தாளில் வரைந்து, உலகுக்குச் சொன்னவர்கள் அந்த மதிலுக்குள் பணிபுரிந்தவர்களே.

இதை நான் அறிந்தது சென்ற ஆண்டுதான். அதற்கு முன் எத்தனையோ முறை அந்த வாயிலைக் கடந்து சென்றிருக்கிறேன். சதுப்பு நிலத்தில் பூநாரை வந்திருக்கிறதா என்று பார்க்கப் போவேன்; இந்தப் பக்கம் திரும்பியும் பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் "பட்டம்" என்ற சொல் காற்றில் பறப்பதை மட்டுமே குறித்தது. ஆகவே அந்த வாயிலுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குச் சொல்ல எவரும் இருக்கவில்லை. அம்மா அதைக் கப்பல் கம்பெனி என்றே நினைத்திருந்தார்.

ஒலியியல் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு பிற்பகல். சோனாமீட்டர் கம்பியின் மேல் காகிதத் துண்டை வைத்து, அது துள்ளி விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். "இதெல்லாம் பரீட்சைக்கு, வேறெதுக்கு சார்?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. விரிவுரையாளர் கோபிக்கவில்லை. மறுநாள் ஓர் ஆய்வுக் கட்டுரையின் நகலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கேள்வி கேட்டவன் நானல்லன் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. இன்று அவருக்கு நன்றி சொல்கிறேன்.

2015-இல் 'ஜர்னல் ஆஃப் பயோசயன்ஸஸ்' என்ற இந்திய ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை அது. எழுதியவர்கள் எம்.எம். மஹந்தி, ஜி. லதா, ஏ. திருநாவுக்கரசு ஆகியோர். 2011 ஜனவரி முதல் மே வரை தென்கிழக்கு அரபிக்கடலில், அதாவது நம் நாட்டின் தென்மேற்குக் கரையை ஒட்டிய ஆழம் குறைந்த நீரில், ஆளில்லாமல் தானே இயங்கும் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை இறக்கி வைத்திருந்தார்கள். ஜனவரி நடுப்பகுதியில் அதன் பதிவில் விசித்திரமான ஒலிகள் தோன்றத் தொடங்கின. கீழிருந்து மேலேறும் ஒலிகள், மேலிருந்து கீழிறங்கும் ஒலிகள் என ஏழு வகை. அவை தாறுமாறாக வரவில்லை. ஓர் ஒழுங்கில் கோக்கப்பட்டு அடியாகி, அந்த அடிகள் மீண்டும் மீண்டும் வந்தன. கூன்முதுகுத் திமிங்கிலத்தின் பாட்டு! பிப்ரவரியில் மிகுதியாகக் கேட்டது. மார்ச் நடுப்பகுதிக்குப் பின் ஒன்றுமில்லை. கூன்முதுகுத் திமிங்கிலங்களில் பாடுவது ஆண். பாடுவது பெரும்பாலும் இனப்பெருக்கக் காலத்தில். எனவே குளிர்காலத்தில் அவை கூடிக் குடும்பம் நடத்தும் இடமாக நம் கடல் இருக்கலாம் என்று கட்டுரையாளர்கள் எழுதினார்கள். மூன்று முறை படித்த பிறகே எனக்கு இவ்வளவும் புரிந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் பாதித் தடை. ஸ்பெக்ட்ரோகிராம் என்னும் ஒலிப்படம் மீதித் தடை.

ஆனால் புரிந்ததும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு செய்தி. அந்தக் கருவியைக் கடலில் இறக்கியது திமிங்கிலத்தைக் கேட்பதற்கு அன்று. கடலின் பின்புல இரைச்சலை அளப்பதற்கு! காற்றடித்தால் எவ்வளவு, மழை பெய்தால் எவ்வளவு, கப்பல் போனால் எவ்வளவு என்று கணக்கெடுக்க வைத்த கருவி அது. இரைச்சலைக் கேட்கப் போனவர்களுக்குப் பாட்டுக் கிடைத்தது.

இது ஏதோ ஒரு முறை நேர்ந்த தற்செயல் என்று எண்ணிவிடாதீர்கள். 1950-களில் பெர்முடாத் தீவில் அமெரிக்கக் கடற்படைக்காக நீருக்கடியில் ஒலி கேட்டுக்கொண்டிருந்த பொறியாளர் ஃபிராங்க் வாட்லிங்டன். இனம் தெரியாத ஒலிகளை அவர் நாடாவில் பதிந்து வைத்திருந்தார். 1967-இல் அவற்றை உயிரியலாளர் ரோஜர் பெய்னிடம் கேட்கக் கொடுத்தார். பெய்னும் ஸ்காட் மெக்வேயும் அவற்றை ஆராய்ந்து, இது வெறும் சத்தமன்று, ஒழுங்கான பாட்டு என்று 1971-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். அடுத்தது நம் இந்துமாக்கடலிலேயே நடந்தது. அணுகுண்டுச் சோதனையை யாரேனும் திருட்டுத்தனமாக நடத்துகிறார்களா என்று கண்காணிக்க, டியகோ கார்சியாத் தீவின் அருகே சர்வதேச அமைப்பொன்று நீரொலிவாங்கிகளை வைத்திருக்கிறது. அதன் பல்லாண்டுப் பதிவுகளை எம்மானுவேல் லெராய் என்ற ஆய்வாளரும் குழுவினரும் துருவிப் பார்த்தார்கள். அதுவரை எவரும் வகைப்படுத்தாத ஒரு நீலத் திமிங்கிலப் பாட்டு ஆண்டுதோறும் அதில் இருந்தது. 2021-இல் அறிவித்தார்கள். உலகிலேயே மிகப் பெரிய உயிரினத்தின் தனிக் கூட்டம் ஒன்று அங்கே இருக்கிறது என்பதற்குக் கண்ணால் கண்ட சாட்சியில்லை, காதுதான் சாட்சி. வெடியோசைக்குக் காத்திருந்த காதில் விழுந்தது அது.

கண்ணுக்கு ஏன் கடலில் மதிப்பில்லை என்று கலைப் பிரிவு நண்பர்கள் கேட்கக்கூடும். இருநூறு மீட்டர் ஆழம் போனாலே சூரிய ஒளி சோர்ந்துவிடும். ஒலியோ காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் ஓடுகிறது. கடல்நீரில் ஏறக்குறைய 1,500 மீட்டர். நாலு மடங்குக்கும் மேல். அதிலும் தாழ்ந்த சுருதி ஒலி எளிதில் தேயாமல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்லும். நீலத் திமிங்கிலம் பாடும் சுருதிகளில் ஒன்றாக 50 ஹெர்ட்ஸை எடுத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள்: அலைநீளம் 30 மீட்டர். பெரிய நீலத் திமிங்கிலம் ஒன்றின் உடல் நீளம் ஏறக்குறைய அவ்வளவே! இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டபோது, தேர்வில் பெற்ற எந்த மதிப்பெண்ணும் தராத மகிழ்ச்சி எனக்குக் கிடைத்தது.

உண்மையில் இதைப் பாடப்புத்தகத்துக்கு முன்பே நான் அறிந்திருக்கிறேன். நன்மங்கலம் காட்டுப் பக்கம் கைவிடப்பட்ட கல்குட்டைகள் உண்டு. சிறுவயதில் வீட்டுக்குத் தெரியாமல் அங்கே குளிக்கப் போவோம். (தம்பிமார் யாரும் இதைப் பின்பற்ற வேண்டாம், ஆழம் தெரியாத குட்டைகள் அவை.) ஒருவன் மூழ்கி இரண்டு கற்களைத் தட்டுவான். மறுகரையில் மூழ்கியிருப்பவனுக்கு அது காதுக்குள்ளேயே தட்டுவது போலக் கேட்கும். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மட்டும் சொல்ல முடியாது. திசை காண ஒலிவாங்கி ஒன்று போதாது, பலவற்றைச் சரம்போலத் தொங்கவிட வேண்டும் என்று பின்னாளில் படித்தபோது, அந்தக் கல்குட்டையே கண்முன் வந்தது. நீண்ட குழாயின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் தொலைவிலுள்ள கப்பல் கேட்கும் என்று 1490-லேயே லியனார்டோ டா வின்சி எழுதி வைத்தாராம். நாங்கள் லியனார்டோவைக் கேள்விப்படாமலே அவர் வழியில் போயிருக்கிறோம்.

திமிங்கிலத்தின் வலசையைக் கண்டறியக் காது எப்படி உதவுகிறது என்பதற்கு வருகிறேன். உலகின் பிற கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கோடையில் துருவக் கடல்களில் உண்டு, குளிர்காலத்தில் வெப்பக் கடல்களுக்கு வந்து கன்று ஈனும். அரபிக்கடலின் கூட்டம் மட்டும் துருவத்துக்குப் போவதேயில்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஓமான் கரையில் ஆழத்துக் குளிர்நீரை மேலே கொண்டுவருவதால் அவற்றுக்கு இங்கேயே உணவு கிடைத்துவிடுகிறது. பிறந்த ஊரிலேயே பிழைப்பும் அமைந்த பாக்கியசாலிகள் என்று சொல்லலாமென்றால் மனம் வரவில்லை. 1965, 1966 ஆண்டுகளில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அரபிக்கடலில் 242 கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்றன; பல்லாண்டுகள் அது மறைக்கப்பட்டிருந்தது. இன்று அந்தக் கூட்டத்தில் எஞ்சியவை நூறுக்கும் குறைவு என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. 2017 நவம்பரில் ஓமான் கரையில் ஒரு பெண் திமிங்கிலத்தின் உடலில் செயற்கைக்கோள் குறிகருவி பொருத்தினார்கள். பெயர் லுபான்; அரபு மொழியில் குந்திரிக்கம் என்று பொருள். அது அரபிக்கடலைக் குறுக்கே கடந்து, கோவாவுக்கு அப்பால் வந்து, தெற்கே இறங்கி, 2018 ஜனவரியில் குமரிமுனைக் கடலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிற்று. எந்த மாதம், எந்தக் கடல் என்று கவனியுங்கள். 2011-இல் பள்ளிக்கரணைக்காரர்களின் கருவி பாட்டைக் கேட்டதும் ஜனவரியில், அதே தென்கிழக்கு அரபிக்கடலில்! ஒரு திமிங்கிலத்தின் உடலில் கருவி பொருத்தப் படகும் ஆட்களும் பெரும் பணமும் வேண்டும். அதுவும் சில மாதங்களில் கழன்று விழுந்துவிடும். கடலடியில் அமர்ந்திருக்கும் ஒலிவாங்கியோ வருகிறவர் போகிறவர் அனைவரையும் கேட்டுக்கொண்டிருக்கும்.

நீலத் திமிங்கிலக் கதையும் அப்படித்தான். 1984-இல் திருகோணமலைக்கு அப்பால் அபிகெய்ல் ஆலிங்கும் உடனிருந்தவர்களும் பதிந்த பாட்டுக்கு 'இலங்கை வகை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. தலைமுறை கடந்து, திவ்யா பணிக்கர் என்ற நம் நாட்டு ஆய்வாளர் லட்சத்தீவின் கவரத்திக்கு அருகே கடலடியில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்தார். 2018 இறுதியிலிருந்து 2020 தொடக்கம் வரை கேட்டதில் அதே இலங்கைப் பாட்டு ஒலித்தது. ஏப்ரல், மே மாதங்களில் மிகுதி. 2021-இல் வெளியிட்டார். இந்தியக் கடலில் நீலத் திமிங்கிலப் பாட்டு பதிவானதாக அறிவிக்கப்பட்டது அதுவே முதல் முறை. பருவக்காற்றுக்கு முந்திய மாதங்களில் அவை லட்சத்தீவைக் கடக்கின்றன என்பதற்கு அந்த ஒலி சான்று. இதே கவரத்தியில் 2005-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை அமைத்தது எங்கள் பள்ளிக்கரணை நிறுவனந்தான் என்பதைத் தண்ணீர் லாரி நண்பன் கவனிக்க.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அதற்கு என் தந்தையாரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

அப்பா பதினான்கு ஆண்டுகள் பல்லாவரத்துக்கு அப்பால் ஒரு கல்லுடைக்கும் ஆலையில் வேலை பார்த்தார். கிரஷர் ஓடும்போது பேச்சு என்பதே கிடையாது, எல்லாம் கைச்சாடைதான். காதில் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். அந்தத் துண்டு தூசிக்கு ஆகும், சத்தத்துக்கு ஆகுமா? இப்போது அடுக்குமாடி வீடொன்றில் காவலாளி. வீட்டில் அவர் உரக்கப் பேசுவார். "ஏன் கத்துறீங்க, பக்கத்துலதானே நிக்கிறேன்" என்று அம்மா அன்றாடம் சொல்வார். தங்கை கூப்பிட்டால் அப்பாவுக்குக் கேட்பதில்லை. கைப்பேசி மணி அடித்தாலும் கேட்பதில்லை. நான் பேசினால் மட்டும் ஓரளவு கேட்கும். தங்கை இதனால் பல நாள் என்னோடு கோபித்துக்கொண்டிருக்கிறாள். பாரபட்சம் அப்பாவிடம் இல்லை, அதிர்வெண்ணில் இருக்கிறது என்பது எனக்குக் கல்லூரிக்கு வந்த பிறகே விளங்கிற்று. இரைச்சலால் வரும் செவிக்குறை 4,000 ஹெர்ட்ஸுக்கு அருகே தொடங்குகிறது. கீச்சுக்குரல் முதலில் போகும். கட்டைக்குரல் நெடுநாள் தங்கும். சூழ இரைச்சல் கூடினால் பேசுகிறவன் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறான் என்பதை லம்பார்டு என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் எழுதினார். திமிங்கிலமும் அவ்வாறே குரலை உயர்த்துகிறது என்று இப்போது அளந்து காட்டியிருக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு நாட்டுக் கடலில் பதிவான கூன்முதுகுத் திமிங்கிலப் பாட்டை அப்பாவின் காதில் செவிக்கருவி மாட்டிப் போட்டுக் காட்டினேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாழ்ந்த முனகல் பகுதி வந்ததும் கையை உயர்த்தி அசையாதே என்றார். "இது கேக்குதுடா" என்றார். முழுதும் கேட்டு முடித்துவிட்டு, "சாயங்காலம் மோட்டாரை நிறுத்தினா பெல்ட்டு ஒரு சத்தம் போட்டு இழுத்துக்கிட்டே இறங்குமே, அந்த மாதிரி இருக்கு. அதக் கேட்டாத்தான் எங்களுக்கு அன்னிக்கு வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்றார். ஆய்வுக் கட்டுரையில் 'மேலிருந்து கீழிறங்கும் ஒலி' என்று படித்ததன் பொருள் எனக்கு அன்றுதான் முழுமையாக விளங்கியது.

கடலில் மோட்டாரை நிறுத்துவார் இல்லை. இலங்கையின் தென்கோடிக்குக் கீழே உலகின் பெரிய கப்பல் பாதைகளில் ஒன்று செல்கிறது. நீலத் திமிங்கிலங்கள் உண்ணும் இடமும் அதுவே. கப்பல் மோதி இறப்பவை ஒருபுறமிருக்க, சுழலியின் இரைச்சல் அவற்றின் சுருதியிலேயே விழுந்து பாட்டை மூடுகிறது. கிரஷர் பக்கத்தில் நின்று இருவர் பேச முயல்வதைப் போல. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 2001 செப்டம்பரில் அமெரிக்கத் தாக்குதலுக்குப் பின் சில நாள் கப்பல் போக்குவரத்துக் குறைந்தது. நீருக்கடி இரைச்சல் 6 டெசிபெல் தணிந்தது. அதாவது ஒலியழுத்தம் பாதியாயிற்று. அதே நாட்களில் அங்கிருந்த ரைட் திமிங்கிலங்களின் சாணத்தை எடுத்துச் சோதித்தவர்கள், மன அழுத்தத்தைக் காட்டும் சுரப்புநீர் குறைந்திருப்பதைக் கண்டார்கள். 2012-இல் வெளியான முடிவு இது. சத்தம் அவற்றின் உடம்பையே வருத்துகிறது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பரிகாரமும் கைக்கெட்டாததன்று. எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் 2022-இல் தன் கப்பல்களை இலங்கைக்குத் தெற்கே ஏறக்குறைய 15 கடல் மைல் விலகிச் செல்லுமாறு திருப்பிவிட்டது. எங்கே விலக வேண்டும், எந்த மாதம் விலக வேண்டும் என்று சொல்வதற்கு எவராவது முதலில் கேட்டிருக்க வேண்டுமல்லவா?

நம் பக்கத்திலும் கப்பல்கள் பெருகுகின்றன. 2025 மே மாதம் விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. துறைமுகம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. சரக்குக் கப்பல் வந்தால்தான் என் போன்றோர் வீட்டில் வேலை வரும் என்பது எனக்குத் தெரியும். கிரஷர் இருந்ததால்தான் நான் படித்தேன் என்பதும் தெரியும். ஆனால் அப்பா வேலைக்குச் சேர்ந்த அன்று எவரேனும் அவர் காதைச் சோதித்து எழுதி வைத்திருந்தால், எவ்வளவு இழந்தார் என்று இன்று சொல்ல முடியும். அப்படி ஒரு தாள் எங்களிடம் இல்லை. கடலுக்காவது அந்தத் தாள் இருக்கட்டும் என்பதே என் வாதம். புதிய துறைமுகம், புதிய கப்பல் பாதை எதுவாயினும், அதற்கு முன் ஓராண்டு முழுதும், நான்கு பருவமும், அந்தக் கடலைக் கேட்டுப் பதிந்து வைக்க வேண்டும். இரண்டு மாதம் மட்டும் கேட்டால் போதாது. பள்ளிக்கரணைக்காரர்கள் கருவியை மார்ச் இறுதியில் இறக்கியிருந்தால் ஒரு பாட்டும் கேட்டிருக்காது. அங்கே திமிங்கிலமே இல்லை என்று முடிவு கட்டியிருப்போம்.

கிழக்குக் கரையையும் மறந்துவிடலாகாது. 1973 ஜனவரியில் திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாட்டில் 147 பைலட் திமிங்கிலங்கள் கரையொதுங்கின. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரியில், அதே மணப்பாட்டுக் கரையை ஒட்டி 81 ஒதுங்கின. மீனவர்கள் தோளால் தள்ளித் திருப்பி அனுப்பியும் 45 மடிந்தன. ஏன் வந்தன என்று உறுதியான விடை கிடைக்கவில்லை. அந்தக் கடலில் ஆண்டு முழுதும் ஒலிவாங்கி ஒன்று நிலையாக இருந்தால், அடுத்த ஜனவரியில் ஊகத்தோடு நிற்க வேண்டியதில்லை.

கேட்பதோடு முடிந்துவிடுகிறதா? இங்கேதான் நம் கல்லூரிக்கு வேலை இருக்கிறது. ஐந்து மாத ஒலிப்பதிவை ஒருவர் உட்கார்ந்து கேட்டால் ஐந்து மாதம் ஆகும். எந்திரம் தானே கண்டுபிடிக்காதா என்று கணினி அறிவியல் நண்பர்கள் கேட்பார்கள். கண்டுபிடிக்கும், ஆனால் இது திமிங்கிலம், இது கப்பல், இது மழை என்று ஆயிரக்கணக்கான துண்டுகளுக்கு மனிதர் குறியிட்டுக் கொடுத்த பின்னரே அது கற்கும். குறியிடும் வேலைக்கு வேண்டியவை பொறுமை, ஒரு பழைய கணினி, ஒரு செவிக்கருவி, ஒலிப்படத்தைக் காட்டும் இலவச மென்பொருள். நம் இயற்பியல் ஆய்வகத்தில் பொறுமையைத் தவிர மற்ற மூன்றும் இருக்கின்றன. பொறுமையை நாம் கொண்டுவருவோம். காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டு இரண்டு பேருந்து மாறி வருகிறவர்களுக்கு அது புதிதா என்ன?

கடலடி ஒலி நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, நீர்மூழ்கிக் கப்பலின் ஓசையும் அதில் இருக்குமே, மாணவரிடம் கொடுப்பார்களா என்று ஓர் ஆசிரியர் கேட்டார். நியாயமான ஐயம். ஆனால் நீர்மூழ்கிகளை வேவு பார்க்கவே அமெரிக்கக் கடற்படை அட்லாண்டிக் கடலடியில் விரித்திருந்த சோசஸ் என்னும் ஒலிவாங்கி வலையை 1990-களின் தொடக்கத்தில் உயிரியலாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். கிறிஸ்டோபர் கிளார்க் என்ற ஆய்வாளர் அதைக் கொண்டு ஒரே ஒரு நீலத் திமிங்கிலத்தை அதன் குரலைக் கொண்டே 43 நாட்கள் விடாமல் பின்தொடர்ந்தார். அணுகுண்டைக் கண்காணிக்கும் அமைப்பும் தன் பதிவுகளை ஆய்வாளர்களுக்குத் தருகிறது. அவர்களால் முடிந்தால் நம்மாலும் முடியும். பழைய பதிவில் ஒரு மாதம் போதும். வெட்ட வேண்டியதை வெட்டிவிட்டே கொடுக்கட்டும்.

திமிங்கிலம் சோறு போடுமா என்ற கேள்வியும் வந்தது. கேட்டவர் வேறு யாருமல்லர், என் மாமா. சோனாமீட்டரும் சோறு போடவில்லை, மாமா. ஆயினும் பல்கலைக்கழகம் அதை இன்னும் பாடத்திட்டத்தில் வைத்திருக்கிறது. பள்ளிக்கரணை மதிலுக்குள் நீரொலிவாங்கிகளைச் சோதிப்பதற்கென்றே பெரிய நீர்த்தொட்டி ஒன்று உண்டு. அதைப் பார்த்துவிட்டு வந்து கம்பியில் காகிதத் துண்டை வைக்கும் மாணவன், "பரீட்சைக்கு மட்டுமா சார்?" என்று கேட்கமாட்டான்.

இவ்வளவையும் இரண்டு பக்கக் கடிதமாக எழுதியிருக்கிறேன். இயற்பியல் மன்றத்தின் பெயரில் அந்நிறுவனத்தின் இயக்குநருக்கு அனுப்பத் துறைத் தலைவர் இசைந்திருக்கிறார். கோரிக்கை இரண்டுதான்: இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஒரு நாள் உள்ளே வந்து பார்க்க அனுமதி, பழைய பதிவில் ஒரு மாதம். எழுத்துப்பிழைகளைத் தமிழ்த்துறை ஐயா திருத்திக் கொடுத்துவிட்டார். ஆங்கில வடிவத்தில் இன்னும் திருத்தம் தேவைப்படுகிறது, ஆங்கில இலக்கிய மாணவர்கள் யாரேனும் உதவினால் நலம். கடிதம் ஆய்வக மேசையின் இரண்டாம் இழுப்பறையில் இருக்கிறது. இதுவரை முப்பத்தொரு கையொப்பங்கள் சேர்ந்திருக்கின்றன. கையொப்பமிட வருபவர்கள் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வரவும். அதுவரை அங்கே செய்முறை வகுப்பு நடக்கும்.